வழியும் வழிபாடும்: வைக்கத்திலும் மட்டாஞ்சேரியிலும் இரு வழக்கறிஞர்களின் அறப்போர்

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னிந்தியாவில் நிகழ்ந்த சமூகப் போராட்டங்களில் வழக்கறிஞர்களின் பங்கு பெரிது. சட்டத்தைக் கற்று, சட்டத்தால் பிழைத்து, சட்டத்தின் மொழியிலேயே அரசுடன் பேசி வந்தவர்கள் ஒரு கட்டத்தில் அந்தச் சட்டத்தை மீறிச் சிறை புகுந்தனர். வ.உ.சிதம்பரனார் இதற்குத் தமிழகம் நன்கறிந்த சான்று. 1908ஆம் ஆண்டு தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தையும் சுதேசி இயக்கத்தையும் ஒட்டி அவர் தண்டிக்கப்பட்டார். கோயம்புத்தூர், கண்ணூர்ச் சிறைகளில் இருந்து 1912இல் விடுதலையானபோது வழக்குரைக்கும் உரிமையான சன்னதையும் இழந்திருந்தார். வழக்கறிஞர் ஒருவர் சிறைக்குச் செல்லும்போது உடலின் விடுதலையோடு தொழிலையும் பணயமாக வைக்கிறார் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

வ.உ.சி.க்குப் பின்வந்த தலைமுறையில் இருவரை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒருவர், செங்கன்னூரில் பிறந்து மதுரையைத் தம் ஊராக்கிக்கொண்டு, 1924இல் வைக்கம் போராட்டத்தில் சிறைப்பட்ட ஜார்ஜ் ஜோசப் (1887-1938). மற்றவர், கொச்சியின் மட்டாஞ்சேரியில் பிறந்து, கொச்சிச் சட்டமன்ற உறுப்பினராக விளங்கி, தம் சமயத்தாரின் தொழுகூடத்துக்குள்ளேயே அறப்போர் நடத்திய ஆபிரகாம் பராக் சலேம் (1882-1967). முன்னவர் சிரியன் கிறித்தவர், பின்னவர் யூதர். இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர். காங்கிரஸ் இயக்கத்தோடு தொடர்புடையவர்கள். சத்தியாகிரகம் என்னும் ஒரே கருவியைக் கையிலெடுத்தவர்கள். வைக்கமும் மட்டாஞ்சேரியும் ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை. எனினும் அக்காலத்தில் முன்னது திருவிதாங்கூர் அரசிலும் பின்னது கொச்சி அரசிலும் அடங்கியிருந்தன.

இவ்விருவரையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஒரு வினா எழுகிறது. ஒரு சமூகத்தின் உள்ளே நிலவும் விலக்கை எதிர்க்கும் உரிமை யாருக்கு உண்டு? அச்சமூகத்தாருக்கு மட்டுமா, மனிதர் அனைவருக்குமா? இவ்வினாவுக்கு ஜோசப்பின் வாழ்க்கை ஒரு விடையையும் சலேமின் வாழ்க்கை இன்னொரு விடையையும் தருகின்றன. அவ்விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதுரையில் ஜார்ஜ் ஜோசப்

ஜார்ஜ் ஜோசப் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும், பின்னர் எடின்பரோவிலும் பயின்றவர். இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று 1909இல் தாயகம் திரும்பினார். மதுரையில் அவர் தொடங்கிய வழக்குரைஞர் பணி விரைவிலேயே பொதுவாழ்வாக விரிந்தது. அன்னி பெசன்ட் அம்மையாரின் தன்னாட்சி இயக்கத்தில் ஈடுபட்டார். அவ்வியக்கத்தின் கோரிக்கையை இங்கிலாந்தில் எடுத்துரைக்கப் புறப்பட்ட குழுவில் இடம்பெற்றார். கப்பல் ஜிப்ரால்டரை அடைந்தபோது குழுவினர் தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டனர். மதுரை ஆலைத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டும் பணியிலும், 1919இல் ரௌலட் சட்ட எதிர்ப்பிலும் முன்னின்றார்.

எனினும் மதுரை வட்டார மக்கள் நெஞ்சில் அவர் நிலைத்திருப்பது குற்றப் பரம்பரைச் சட்ட எதிர்ப்பினாலேயே ஆகும். 1911ஆம் ஆண்டின் இச்சட்டம் மதுரை மாவட்டப் பிறமலைக் கள்ளர்மீது ஏவப்பட்டது. ஆடவர் கைரேகை பதிவு செய்யப்பட்டது. ஊர்விட்டு ஊர் செல்ல அனுமதிச் சீட்டுத் தேவைப்பட்டது. செய்த குற்றத்துக்காக அன்றிப் பிறந்த பிறப்புக்காகவே ஒருவரைக் காவலில் வைக்க இச்சட்டம் இடந்தந்தது. மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றே வழங்கினர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் இச்சட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் உயிர்நீத்தனர் என்பது அப்பகுதி மக்கள் நினைவில் நிலைத்துவிட்ட செய்தி.

அம்மக்களுக்காக நீதிமன்றத்திலும் எழுத்திலும் வாதாடியவர் ஜோசப். சட்டையில் ரோசாப்பூச் சூடும் வழக்கத்தால் அவர் 'ரோசாப்பூ துரை' என்று அழைக்கப்பட்டார். துரை என்னும் சொல் வெள்ளை அதிகாரிகளுக்கே உரியதாக இருந்த காலத்தில், அவ்வதிகாரிகளை எதிர்த்து நின்றவருக்கு மக்கள் அச்சொல்லை வழங்கியது கருதத்தக்கது. பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயரிடும் வழக்கமும் அச்சமூகத்தில் ஏற்பட்டது.

இங்கு ஒன்று கவனிக்கப்பட வேண்டும். ஜோசப் கள்ளர் அல்லர், தமிழ்நாட்டில் பிறந்தவரும் அல்லர், இந்துவும் அல்லர். ஆயினும் அவரது குரல் புறக்குரல் என்று அம்மக்கள் ஒதுக்கவில்லை. கள்ளர் சிக்கலைக் கள்ளரே தீர்த்துக்கொள்ளட்டும் என்ற கருத்து மதுரையில் எழவில்லை. பிறப்பின் பேரால் மறுக்கப்பட்ட உரிமையை மீட்பதற்குப் பிறப்பைத் தகுதியாகக் கேட்க வேண்டியதில்லை என்பதை மதுரை மக்கள் தம் நடைமுறையால் ஏற்றுக்கொண்டனர். நான்காண்டுகள் கழித்து வைக்கத்தில் இதற்கு நேர்மாறான கருத்தை ஜோசப் எதிர்கொள்ள நேர்ந்தது.

அதற்கு முன்பே அவர் ஒருமுறை சிறை கண்டிருந்தார். ஒத்துழையாமை இயக்கத்தின்போது வருவாய் மிகுந்த வழக்குரைஞர் தொழிலைத் துறந்தார். மோதிலால் நேரு நடத்திய 'இண்டிபெண்டன்ட்' இதழின் ஆசிரியராக அலகாபாத் சென்றார். 1921 டிசம்பரில் கைதானார். மோதிலாலும் ஜவகர்லாலும் கைதானது இதே காலத்தில்தான். விடுதலைக்குப் பின், காந்தியடிகள் சிறையிலிருந்த காலத்தில், இராசகோபாலாச்சாரியாரை அடுத்து 1923இல் 'யங் இந்தியா' இதழின் ஆசிரியர் பொறுப்பையும் ஏற்றார். ஆகவே வைக்கத்துக்குச் சென்ற ஜோசப், காந்திய இயக்கத்தின் விளிம்பில் நின்றவர் அல்லர். அதன் நடுவில் இருந்தவர்.

வைக்கத்தில் வழக்கு எது?

வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஈழவரும் புலையரும் பிற ஒடுக்கப்பட்டோரும் நடக்க முடியாதபடி தடை இருந்தது. அங்கே நின்ற அறிவிப்புப் பலகைகள் அவர்கள் எந்த இடத்தோடு நின்றுவிட வேண்டும் என்பதைச் சொல்லின. ஈழவர் தலைவர் டி.கே.மாதவன் 1921இல் திருநெல்வேலியில் காந்தியடிகளைச் சந்தித்து இக்கொடுமையை எடுத்துரைத்தார். 1923 காக்கிநாடா காங்கிரஸ் மாநாட்டை அடுத்துக் கேரளக் காங்கிரஸ் தீண்டாமை ஒழிப்பை நேரடிப் போராட்டமாக மேற்கொண்டது. 1924 மார்ச் 30ஆம் நாள் போராட்டம் தொடங்கியது. முதல் நாள் தடையை மீறச் சென்றவர்கள் மூவர்: புலையர் குஞ்ஞாப்பி, ஈழவர் பாகுலேயன், நாயர் கோவிந்தப் பணிக்கர். மூவரும் கைது செய்யப்பட்டனர். ஏப்ரல் 7ஆம் நாள் கே.பி.கேசவ மேனனும் டி.கே.மாதவனும் சிறைப்பட்டனர். தலைவர் இன்றி நின்ற போராட்டத்தை ஜோசப் ஏற்று நடத்தினார்; சில நாள்களிலேயே அவரும் கைதாகித் தண்டனை பெற்றார்.

வைக்கத்தில் முரண் ஒன்று இருந்தது. ஈழவருக்கும் புலையருக்கும் மூடப்பட்டிருந்த அத்தெருக்களில் கிறித்தவர்களும் இசுலாமியர்களும் நடக்கத் தடையில்லை. ஈழவர் ஒருவர் இந்துவாக இருக்கும்வரை நடக்க முடியாது. மதம் மாறினால் நடக்கலாம். இதனால் ஜோசப்பின் நிலை வேறுபட்டது. அவர் தமக்கு மறுக்கப்பட்ட உரிமையைக் கேட்கவில்லை. தமக்கு இருக்கும் உரிமை, அண்டைவீட்டாருக்கு இல்லை என்பதற்காகவே சிறை புகுந்தார்.

இதனை எவ்வாறு பெயரிடுவது என்பதில்தான் சிக்கல் தொடங்கியது. போராட்டக் கோரிக்கை கோயில் நுழைவு அன்று, தெரு நுழைவு. அத்தெருக்கள் கோயிலுக்கு உரியவை என்று வைதிகர் வாதிட்டனர். பொதுவழிகள் என்று போராட்டத்தினர் வாதிட்டனர். பொதுவழி என்றால் அது குடிமக்களின் உரிமை பற்றிய வழக்கு. அதில் எக்குடிமகனும் வாதியாகலாம். கோயில் வழி என்றால் அது சமயத்தின் உள்விவகாரம். அதில் சமயத்தார்க்கு மட்டுமே இடம். ஜோசப்பின் நிலைப்பாடு முதல்வகையைச் சார்ந்தது.

காந்தியடிகளின் கடிதம்

1924 ஏப்ரல் 6ஆம் நாள் காந்தியடிகள் ஜோசப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். வைக்கம் பணியை இந்துக்களிடமே விட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். தூய்மை பெற வேண்டியவர்கள் இந்துக்களே. ஜோசப் தம் பரிவாலும் எழுத்தாலும் உதவலாம், ஆனால் இயக்கத்தை நடத்துவதோ சத்தியாகிரகத்தில் ஈடுபடுவதோ தகாது என்று அதில் அறிவுறுத்தினார். நாகபுரிக் காங்கிரஸ் தீர்மானம் தீண்டாமை நீக்கத்தை இந்து உறுப்பினர்களின் கடமையாகவே வகுத்திருந்ததையும் நினைவூட்டினார். இந்நோய் சிரியன் கிறித்தவர்களையும் பற்றியிருப்பதை ஆண்ட்ரூஸ் வழியாக அறிந்து வியந்ததாகவும் அக்கடிதத்தில் எழுதினார்.

இக்கடிதத்தின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. தீண்டாமை என்பது பாவம் என்றால், பாவத்துக்கான கழுவாயைப் பாவம் செய்தவரே தேட வேண்டும். அயலார் தலையிட்டால் அது மதங்களுக்கு இடையிலான பூசலாகத் திரிக்கப்படும். வைதிகருக்கு அதுவே ஆயுதமாகும். சிரியன் கிறித்தவர் பற்றிய குறிப்பிலும் கூர்மை உண்டு. உம் வீட்டிலும் இதே நோய் இருக்கிறதே என்று அது மறைமுகமாகக் கேட்கிறது. அகாலியர் வைக்கத்தில் திறந்த இலவச உணவுச்சாலையையும் காந்தியடிகள் இதே நோக்கில் ஏற்கவில்லை.

எனினும் இவ்வாதம் ஓர் அடிப்படைச் சொல்மாற்றத்தின்மேல் நிற்கிறது. உரிமை என்ற சொல்லின் இடத்தில் பாவம் என்ற சொல் வந்து அமர்கிறது. பாவம் என்று கொண்டால், நடவடிக்கையின் நடுவில் நிற்பவர் பாவம் செய்தவர். அவர் மனம் மாறுவதே முடிவு. உரிமை என்று கொண்டால், நடுவில் நிற்பவர் உரிமை இழந்தவர். அவர் அதைத் திரும்பப் பெறுவதே முடிவு. முதல் நோக்கில் ஜோசப் அயலார். இரண்டாவது நோக்கில் அவர் சக குடிமகன்.

கேரளத் தலைவர்கள் சிறைப்பட்ட நிலையில் அழைப்பை ஏற்று 1924 ஏப்ரல் 13ஆம் நாள் வைக்கம் சென்ற ஈ.வெ.ராமசாமிப் பெரியார் இவ்விரு வகைகளுக்குள்ளும் அடங்காதவர். பிறப்பால் அவர் இந்து என்பதால் காந்தியடிகளின் விதிக்கு உட்பட்டவர். ஆனால் அவர் அங்கே பேசியது கழுவாய் அன்று, மான உரிமை. இருமுறை சிறைத்தண்டனை பெற்றார். நாகம்மையார் பெண்களைத் திரட்டினார். பெரியார் சிறையில் காலில் விலங்கிடப்பட்டு, மற்றத் தலைவர்களுக்குக் கிடைத்த அரசியல் கைதிக்குரிய நடத்துமுறை மறுக்கப்பட்டு இருந்ததைக் கேசவ மேனன் தம் சிறைக்குறிப்புகளில் உருக்கத்தோடு பதிவு செய்துள்ளார். பழ.அதியமானின் 'வைக்கம் போராட்டம்' (2020) இச்செய்திகளைத் தமிழில் ஆவணங்களோடு விரித்துரைக்கிறது.

போராட்டம் இருபது மாதங்கள் நீண்டது. 1925 பிப்ரவரியில் தெருக்களைத் திறக்கக் கோரிய தீர்மானம் திருவிதாங்கூர்ச் சட்டமன்றத்தில் ஒரே வாக்கில் தோற்றது. மார்ச்சில் காந்தியடிகள் வைக்கம் வந்து வைதிகரோடு உரையாடினார். அவர்கள் மனம் மாறவில்லை. 1925 நவம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி மூன்று பக்கத் தெருக்கள் திறக்கப்பட்டன. கிழக்குத் தெரு மூடியே இருந்தது. முழுத் தீர்வு 1936 நவம்பர் 12ஆம் நாள் வெளியான திருவிதாங்கூர்க் கோயில் நுழைவு அறிவிப்புவரை காத்திருந்தது.

ஜோசப்போ காந்தியடிகளின் வழியிலிருந்து படிப்படியாக விலகினார். சில ஆண்டுகள் காங்கிரசுக்கு வெளியே இருந்து, 1935இல் திரும்பினார். 1937இல் மத்தியச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1938 மார்ச் 5ஆம் நாள், ஐம்பத்தொரு வயது நிறையுமுன் மதுரையில் மறைந்தார்.

மட்டாஞ்சேரி: செப்பேடும் தரையும்

காந்தியடிகள் வகுத்த விதிப்படி, அதாவது ஒரு சமயத்தின் விலக்கை அச்சமயத்தாரே எதிர்க்க வேண்டும் என்ற விதிப்படி, போராட்டம் நடந்தால் அதன் போக்கு எவ்வாறு இருக்கும்? இதற்குரிய சான்றை மட்டாஞ்சேரி தருகிறது.

மட்டாஞ்சேரியில் கொச்சி மன்னரின் அரண்மனைக்கும் பழையன்னூர்ப் பகவதி கோயிலுக்கும் அருகில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி சினகாக் என்னும் யூதத் தொழுகூடம் உள்ளது. அங்கே பேணப்பட்டு வரும் செப்பேடு தமிழாய்வாளர்க்கு அயலானதன்று. சேரமன்னன் பாஸ்கர இரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்தருளிய நாளில் ஜோசப் ரப்பான் என்னும் வணிகத் தலைவருக்கு வழங்கிய உரிமைகளை அது வட்டெழுத்தில் பதிவு செய்கிறது. ஏறத்தாழக் கி.பி. 1000ஆம் ஆண்டைச் சார்ந்த இச்செப்பேடு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுமத்தைக் குறிக்கிறது, கி.பி. 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் அக்குழுமம் காணப்படுகிறது. பகல்விளக்கு, பாவாடை, குடை, பல்லக்கு முதலான எழுபத்திரண்டு விடுபேறுகள் ரப்பானுக்கு வழங்கப்பட்டன. இவற்றுள் பாவாடை என்பது நடக்கும் வழியில் விரிக்கும் ஆடையைக் குறிக்கும். எவர் எப்படி நடக்கலாம், எங்கே அமரலாம் என்பதை அரசாணையாகவே வகுத்த சமூக அமைப்பின் சான்று இச்செப்பேடு.

அச்செப்பேட்டைத் தம் பெருமையாகக் காத்து வந்த தொழுகூடத்துக்குள்ளேயே வேறொரு வரிசை நிலவியது. பரதேசி யூதர்களோடு இணைந்திருந்த 'மெசுக்ராரிம்' என்னும் குழுவினர், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினர் எனக் கருதப்பட்டனர். 'விடுவிக்கப்பட்டோர்' என்பதே அச்சொல்லின் பொருள். சமயக் கடமைகள் அனைத்தையும் பின்பற்றிய அவர்கள், தொழுகூடத்தின் பின்பகுதியிலோ முன்கூடத்திலோ தரையில் அமர வேண்டியிருந்தது. தோரா வாசிக்க அழைக்கப்படும் சிறப்பு அவர்களுக்கு மறுக்கப்பட்டது. மணவுறவும் விலக்கப்பட்டிருந்தது.

இவ்விலக்கு யூத சமயச் சட்டத்தில் வேரூன்றியதன்று. கொச்சி யூதர்களுக்குள் நிலவிய இப்பிளவு குறித்து 16ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவிலிருந்த சமய அறிஞர் தாவீது இப்ன் சிம்ராவிடம் வினவப்பட்டது. உரிய சடங்குகளின் வழி சமயத்தில் சேர்க்கப்பட்டோர் முழு யூதரே என்னும் கருத்தில் அவர் விடை எழுதினார். ஆயினும் நடைமுறை மாறவில்லை. சுற்றியிருந்த சாதியமைப்பின் தருக்கம் சமயநூலின் தருக்கத்தை வென்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இக்குழுவினருள் ஒருபகுதியினர் கோட்டைக் கொச்சிக்குப் பெயர்ந்து தனி வழிபாட்டிடம் அமைக்க முயன்றனர், அம்முயற்சி நிலைக்கவில்லை.

சலேமின் அறப்போர்

ஆபிரகாம் பராக் சலேம் இக்குழுவில் பிறந்தவர். எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் பயின்று, சென்னையில் சட்டப் படிப்பை முடித்து, எர்ணாகுளத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். 1925இல் கொச்சி அரசில் சட்டமன்றம் அமைக்கப்பட்டபோது அதில் இடம்பெற்றார். 1925 முதல் 1931 வரையிலும், 1939 முதல் 1945 வரையிலும் அதன் உறுப்பினராக இருந்தார். முழு விடுதலையைக் குறிக்கோளாக அறிவித்த 1929 இலாகூர்க் காங்கிரஸ் மாநாட்டிலும் கொச்சிப் பேராளருள் ஒருவராகக் கலந்துகொண்டார்.

நாட்டின் சட்டமன்றத்தில் இருக்கை பெற்ற ஒருவருக்கு, தம் சமயத்தாரின் தொழுகூடத்தில் இருக்கை இல்லை என்பதே சலேம் வாழ்ந்த முரண். அவர் நீதிமன்றத் தீர்ப்பைக் கொண்டு தொழுகூடத்தின் வரிசையை மாற்ற முற்படவில்லை. காந்தியடிகளிடமிருந்து கற்ற முறையைக் கையாண்டார். சிலகாலம் தொழுகூடத்தைப் புறக்கணித்தார். பின்னர்த் தம் மைந்தரோடு உள்ளே சென்று அமர்ந்தார். விலக்கைத் தம் இருப்பாலேயே கேள்விக்குள்ளாக்கினார். இதனாலேயே அவர் 'யூத காந்தி' எனப் பெயர் பெற்றார். 1929இல் பரதேசித் தொழுகூடத்தைப் பற்றி 'எட்டர்னல் லைட்' என்னும் ஆங்கில நூலையும் அவர் எழுதி வெளியிட்டார். தம்மைத் தரையில் அமர்த்திய இடத்தின் வரலாற்றையும் சிறப்பையும் அவரே எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது. அவர் அவ்விடத்தை வெறுத்து விலகியவர் அல்லர். அது தமக்கும் உரியது என்று நின்றவர்.

1937இல் மட்டாஞ்சேரி யூதர்களை ஆராய்ந்த மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் அங்கு வந்தபோது பழைய தடைகள் பல தளர்ந்திருந்தன. எனினும் இருக்கையில் தளர்ந்த தடை மணவுறவில் தளரவில்லை. 1950இல் சலேமின் மைந்தருள் ஒருவருக்கும் பரதேசி யூதக் குடும்பத்துப் பெண்ணுக்கும் நடந்த திருமணம் மட்டாஞ்சேரியில் நடைபெற இயலவில்லை, பம்பாயில் நடைபெற்றது. தோரா முன் சமமாகிவிட்டவர்கள் பந்தியிலும் குடும்பத்திலும் சமமாக மேலும் காலம் தேவைப்பட்டது.

அந்தக் காலத்தை வரலாறு முழுமையாக வழங்கவில்லை. இசுரேல் உருவானபின் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் அங்குக் குடிபெயர்ந்தனர். சலேமும் அக்குடிபெயர்வுக்கு உழைத்தவர். ஆனால் அவர் தம் இறுதிக்காலம்வரை மட்டாஞ்சேரியிலேயே வாழ்ந்து 1967இல் மறைந்தார். சமமாக அமரும் உரிமை கிட்டிய தொழுகூடத்தில் அமர்வதற்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது.

இரு விடைகள்

சலேமின் போராட்டம் காந்தியடிகளின் விதிக்கு இசைந்தது போலத் தோன்றும். யூதரின் விலக்கை யூதரே எதிர்த்தார். வெளியார் தலையீடு இல்லை. சிறையும் குண்டாந்தடியும் இல்லை. முடிவில் மாற்றம் நிகழ்ந்தது. ஆனால் கூர்ந்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். காந்தியடிகள் வைக்கத்தில் எதிர்பார்த்தது, விலக்கியவர் தாமே மனம் மாறுவதை. மட்டாஞ்சேரியில் எழுந்து நின்றவர் விலக்கப்பட்டவர். சமயத்தின் உள்ளிருந்து மாற்றம் வந்தது உண்மை. எனினும் அது விலக்கியவரின் கழுவாயாக வரவில்லை, விலக்கப்பட்டவரின் உரிமைக் குரலாகவே வந்தது. ஆகவே உள்ளிருப்பவர், வெளியிலிருப்பவர் என்ற பிரிவைவிட, பாவம், உரிமை என்ற பிரிவே அடிப்படையானது என்பது சலேமின் வரலாற்றாலும் உறுதிப்படுகிறது.

உள்ளிருந்து போராடியதன் எல்லையும் சலேமின் வாழ்வில் தெரிகிறது. அம்முறைக்குக் கல்வியும் சொல்வன்மையும் சமூக மதிப்பும் வாய்த்த ஒருவர், விலக்கப்பட்டோரிடையே தோன்ற வேண்டும். அவர் பல்லாண்டுகள் காத்திருக்கும் பொறுமையும் கொள்ள வேண்டும். அத்தகைய ஒருவர் தோன்றாத இடத்தில் விலக்கு யாராலும் கேட்கப்படாமலே நீடிக்கும். 16ஆம் நூற்றாண்டில் கெய்ரோவிலிருந்து கிடைத்த விடை 20ஆம் நூற்றாண்டுவரை செயலுக்கு வராமல் இருந்ததே இதற்குச் சான்று.

ஜோசப்பின் முறைக்கும் எல்லை உண்டு. அயலாராக வந்து சிறை புகுபவரை அயலார் என்று சுட்டி ஒதுக்குவது எளிது. வைதிகர் மட்டுமன்றி இயக்கத்தின் தலைமையே அவ்வாறு சுட்ட முடியும் என்பதை வைக்கம் காட்டியது. தம் சமூகத்துக்குள் நிலவும் தீண்டாமைக்கு அவர் என்ன செய்தார் என்ற வினாவும் அவர்முன் வைக்கப்படும். எனினும் மதுரை வட்டாரத்தில் அவர் பெற்ற இடம் இவ்வாதத்துக்கு மறுப்பாக நிற்கிறது. ஒரு சமூகம் தனக்காகச் சிறைபுகத் துணிந்த அயலாரை அயலார் என்று எண்ணவில்லை. தன் பிள்ளைகளின் பெயரில் அவரைச் சேர்த்துக்கொண்டது.

கொச்சி அரசின் பின்வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. 1936இல் திருவிதாங்கூர் கோயில்களைத் திறந்தபோது கொச்சி அதனைப் பின்பற்றவில்லை. 1947 டிசம்பரில், நாடு விடுதலை பெற்ற பின்னரும், சேந்தமங்கலத்தில் பாலியம் மாளிகையை ஒட்டிய வழியில் நடக்கும் உரிமைக்காக மீண்டும் போராட வேண்டியிருந்தது. அப்போராட்டத்தில் ஏ.ஜி.வேலாயுதன் உயிரிழந்தார். பழைய யூதத் தொழுகூடம் ஒன்றும் உள்ள ஊர் சேந்தமங்கலம். மனமாற்றத்துக்காகக் காத்திருந்த வழிகள் கால் நூற்றாண்டு கழிந்தும் தாமாகத் திறக்கவில்லை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

முடிவுரை

வைக்கம் நூற்றாண்டை ஒட்டி, 2024 டிசம்பர் 12ஆம் நாள் வைக்கத்தில் புதுப்பிக்கப்பட்ட பெரியார் நினைவகத்தைத் தமிழ்நாடு, கேரள முதலமைச்சர்கள் இணைந்து திறந்துவைத்தனர். பெரியாரின் பங்கு தமிழிலும் மலையாளத்திலும் உரிய இடம்பெற்று வருவது மகிழ்ச்சிக்குரியது. அதே போராட்டத்தில் சிறைப்பட்டு, சிறைக்குள் இருக்கும்போதே 'இது உமது போராட்டம் அன்று' என்ற கருத்துக்கு ஆளான ஜோசப்பின் இடம் இன்னும் தெளிவாக வரையறுக்கப்பட வேண்டியுள்ளது. மதுரை வரலாற்றில் ஓரிடத்திலும் வைக்கம் வரலாற்றில் வேறோரிடத்திலுமாகப் பிரித்தே அவர் பேசப்படுகிறார். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த வழக்கறிஞரும் வைக்கத்தில் சிறைபுகுந்த தலைவரும் ஒரே கொள்கையால் இயங்கிய ஒருவரே என்பதை இணைத்துக் காண்பது ஆய்வாளர் கடமையாகும்.

சலேமின் வாழ்வும் தமிழாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டதன்று. வட்டெழுத்துச் செப்பேட்டை ஆராய்பவர்கள் அதைக் காத்த தொழுகூடத்தின் தரையில் அமர்ந்திருந்தவர்களையும் நோக்க வேண்டும். செப்பேடு விடுபேறு பெற்றவர் பெயரைச் சொல்கிறது. பெறாதவர் பெயரைச் சொல்வதில்லை. சலேமைப் போன்றவர்களின் போராட்டமே அவ்விடைவெளியை நிரப்பும் சான்றாகிறது.

வழி அனைவருக்கும் பொது என்று ஜோசப் சிறை சென்றார். வழிபாடு தம் மக்களுக்கும் உரியது என்று சலேம் தொழுகூடத்தில் அமர்ந்தார். முன்னவரின் வழக்கில் போராடும் உரிமை எல்லாருக்கும் உண்டு. பின்னவரின் வழக்கில் அவ்வுரிமையின் முதன்மை விலக்கப்பட்டவருக்கே உண்டு. இரண்டிலும் அவ்வுரிமை விலக்கியவரின் மனமாற்றத்தைச் சார்ந்து நிற்கவில்லை என்பதே இவ்விரு வழக்கறிஞர்களின் வாழ்விலிருந்து பெறப்படும் முடிவாகும்.